எழுபது மதிப்பெண் பரிவு

மெஷின் அக்காவுக்குப் பரிவு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி, அவளுடைய நாற்பத்து நான்காவது வயதில், தபாலில் வந்தது.

அதற்கு முன்னால் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தையல் மெஷின் பழுது பார்ப்பவள் அவள். எந்தத் தையல் கூடத்தில் மெஷின் மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். அதனால் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் மெஷின் அக்காதான். வீட்டில் அவளைத் தவிர ஒரே ஓர் ஆள், ஐந்து வயது இளைய தம்பி. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இரண்டு கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாய் மட்டும் காய்ச்சலிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அந்த வாயை வைத்துத்தான் அவன் பிழைத்தான். ஒரு டாக்சி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே போன் எடுத்து, வழி தெரியாமல் விழிக்கும் ஓட்டுநர்களைத் திட்டி, வழி சொல்லி அனுப்புவான். ஊரின் ஒவ்வொரு சந்தும் அவனுக்கு மனப்பாடம். அவற்றில் பாதியை அவன் பார்த்ததே இல்லை.

கடிதம் பரிவு அளவீட்டு வாரியத்திலிருந்து வந்திருந்தது. மாற்றுத்திறனாளிகளுடன் வசிக்கும் உறவினர்கள் அனைவரும் இனிமேல் பரிவுத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். தேர்வு மூன்று கட்டம். மூன்றில் ஒன்றிலாவது தேர்ச்சி பெறாவிட்டால், மேற்படி மாற்றுத்திறனாளி தமது நன்மையை முன்னிட்டு வாரியத்தின் இல்லத்துக்கு அப்புறப்படுத்தப்படுவார்.

தம்பி அதைச் சத்தமாகப் படித்தான். கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்தான்.

"அப்புறப்படுத்தறதுன்னா குப்பையைத்தானேக்கா சொல்வாங்க?"

"எழுதினவருக்கு ஏதோ அவசரம். விடு."

"உனக்குப் பரிவு கிடையாதுங்கறது எனக்கு எப்பவோ தெரியும். கவர்மெண்டுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு. காலையில என்னை மூட்டை தூக்கற மாதிரிதானே தூக்கறே."

"மூட்டை வாயை மூடிக்கிட்டு வரும். நீ வர்றதில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. இருவருக்கும் ஒரே ஆளின் நினைவுதான் வந்தது. தம்பியோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சதுரங்கம் ஆடும் நண்பன் ஒருவன் இருந்தான், பார்வை இல்லாதவன். மனைவி இறந்தபின் அவனை அந்த இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். போன பிறகு ஒரே ஒரு முறை பேசினான். "இங்க எல்லாரும் ரொம்ப அன்பா இருக்காங்கடா. யாரும் எங்கிட்ட பேசறதில்லை" என்றான். ஆட்டம் பாதியில் நின்றது. அவனுடைய குதிரை எங்கே நின்றது என்று தம்பிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வாரியம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தம்பியும் கூடவே வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, டாக்சியில் வந்து இறங்கினான். வாசலில் நாற்பத்திரண்டு படிகள்.

"சாய்தளம் இல்லீங்களா?" என்று காவலாளியிடம் அக்கா கேட்டாள்.

"இருக்கும்மா. மாடியில இருக்கு."

மாடியில் இருந்தது உண்மைதான். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வண்ணப்படமாக இருந்தது. கீழே 'உத்தேசச் சாய்தளம்' என்று எழுதி, இருமுறை திறந்துவைக்கப்பட்ட தேதிகளும் போட்டிருந்தது. தம்பி தெருவில், ஒரு மரத்தடியில், தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

முதல் கட்டம் எழுத்துத் தேர்வு. நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுதும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டங்கள். முதல் வாக்கியம்: 'மாற்றுத்திறனாளியைக் கண்டதும் என் நெஞ்சு உருகும்.' அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு நேர்மையாக யோசித்தாள். அன்று காலை அவன் அவளுடைய காபியையும் சேர்த்துக் குடித்திருந்தான். நெஞ்சு உருகவில்லை. நடுக்கட்டத்தில் குறியிட்டாள். 'அவர்கள் நம்மைவிடத் தூய்மையான உள்ளம் கொண்டவர்கள்.' ஓட்டுநர்களை அவன் திட்டும் சொற்கள் நினைவுக்கு வர, கடைசிக் கட்டத்துக்குப் போனாள். பொய் எழுதினால் இறைவனுக்குத் தெரியும் என்று நம்புகிறவள் அவள். அந்த அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் வருவதில்லை போலும்.

முதுநிலை அளவீட்டு அதிகாரி மென்மையான மனிதர். குரல் அதைவிட மென்மை. மேசைமேல் ஒரு கைக்குட்டைப் பெட்டி எந்நேரமும் திறந்தே இருந்தது.

"அறுபத்தொண்ணு வாங்கியிருக்கீங்கம்மா."

"பாஸுங்களா?"

"ஆண்களுக்கு நாற்பத்தஞ்சு. பெண்களுக்கு எழுபது. நீங்க ஆணா இருந்திருந்தா இந்நேரம் உங்களுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்திருப்போம்."

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "பெண்களுக்குப் பரிவு இயற்கையிலேயே வந்துடுதும்மா. அது உங்க சம்பாத்தியம் இல்லை, சீதனம் மாதிரி. அதனால அந்த இருபத்தஞ்சை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்லை. ஆனா ஒரு ஆண் பரிவு காட்டறான்னா, அவன் தன் இயல்பை எதிர்த்துப் போராடறான். நானே தினமும் போராடறேன். அந்தப் போராட்டத்தைச் சமுதாயம் மதிக்க வேண்டாமா?"

"மதிக்கணுங்க" என்றாள் அக்கா. அவர் முகம் அவ்வளவு களைத்திருந்தது.

"உங்க தம்பியைப் பத்தி எங்களுக்கும் கவலை இருக்கு. அதனாலதான் அவர்கிட்ட நாங்க எதுவுமே கேக்கறதில்லை. கேட்டா மனசு நோகும்."

இரண்டாம் கட்டம் செயல்முறை. இருபது பேரைக் கூடத்தில் நிறுத்தி, பாதிப் பேருக்குக் கண்ணைக் கட்டினார்கள். மீதிப் பேருக்குக் காலைக் கட்டினார்கள். அரை மணி நேரம் அப்படியே இருந்து, அவிழ்த்தபின் என்ன உணர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நடுங்குகிறார்களோ அவ்வளவு மதிப்பெண். ஒருவர் தூணில் முட்டிக்கொண்டார். ஒரு பெண்மணி தேம்பித் தேம்பி அழுதார். கோட்டு போட்ட ஒரு வியாபாரி, காலைக் கட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்திக் கொடுத்தார். அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "ஆணாக இருந்தும்" என்று ஒருவர் குரல் தழுதழுத்தது. வியாபாரிக்கு எண்பத்தெட்டு. அந்தத் தண்ணீரைச் சற்று முன்பு எல்லோருக்கும் ஊற்றி வைத்திருந்த பெண் ஓரமாக நின்று, தானும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் கண்ணைக் கட்டியிருந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் தடுமாறினாள். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கப் பழகி, அழுகிற பெண்மணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய கால்கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

"நீங்க என்ன உணர்ந்தீங்க?" என்று கேட்டார்கள்.

"முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சுங்க."

அறை முழுக்க ஒரு வருத்தம் பரவியது. பழகிவிட்டது என்று அந்தக் கூடத்தில் இதுவரை யாரும் சொன்னதில்லை. முப்பத்திரண்டு போட்டார்கள்.

மூன்றாம் கட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் தம்பி வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். தினமும் காலையில் அக்கா இரண்டு நிமிடம் கண்மூடி நிற்பாள். "ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பேருக்கும் வேண்ட முடியுமா? எனக்குன்னு தனியா ஒரு நிமிஷம் சேர்த்துப் போடேன்" என்று அதையும் கேலி செய்தான். கேலி செய்தவன், அவள் கண்ணை மூடியதும் தானும் மூடிக்கொண்டான். அக்கா பார்க்கவில்லை. ஆனால் பேச்சு நின்றது அவளுக்குக் கேட்டது.

மூன்றாம் கட்டம் நடைபாதையின் கடைசியில் இருந்த அறையில் நடந்தது. கருவிப் பையை வெளியே வைத்துவிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் பித்தளைப் பலகை ஒன்று பளபளத்தது. அதில் ஒரு தேதி. அதன்கீழ், 'இந்நாளில் தேர்வில் பங்கேற்ற பதினான்கு பேரும் தொண்ணூறுக்கு மேல் பெற்றனர். வாரிய வரலாற்றின் உச்சம்.'

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்துபோன சக்கரம் அரைவட்டம் திரும்பி நிற்கிற சத்தம். எண்ணெய் இல்லாத எந்த இரும்பின் குரலும் அக்காவுக்கு அத்துப்படி.

"உள்ள யாருங்க இருக்காங்க?" என்று தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்.

"யாரும் இல்லைம்மா. நாற்காலி மட்டும்தான்." அந்த அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "முன்னே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கும். பதினொரு வருஷம். மாதிரி அம்மான்னு பேரு. காலையில உட்கார வெச்சா சாயந்திரம்தான் இறக்குவாங்க. வர்றவங்க எல்லாம் அதைப் பார்த்துப் பரிவு காட்டணும், இவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மார்க்கு போடுவாங்க."

"இப்ப எங்க அவங்க?"

துடைப்பான் பலகைக்கு நேர் கீழே வந்து நின்றது. "அன்னிக்குத்தான் போனது. அந்தத் தேதியிலதான். சாயந்திரம் நாலரைக்கு நான் தண்ணி கொண்டுபோனேன். காலையில பத்து மணிக்கே உயிர் போயிருக்கணும்னாரு டாக்டர்."

அக்கா பலகையை மறுபடி பார்த்தாள். "பதினாலு பேர் வந்தாங்களே."

"பதினாலு பேரும் கண்ணு கலங்கிக்கிட்டுத்தான் வெளியே வந்தாங்க. ஒருத்தர் அது கையைக்கூடப் பிடிச்சுக்கிட்டாராம். ஜில்லுனு இருந்துச்சு, பாவம்னு எழுதியிருந்தாரு. அவருக்குத் தொண்ணூத்தெட்டு." துடைப்பானைப் பிழிந்துகொண்டே, "நான் அதுக்கு முன்னாடி ரெண்டு மணிக்கே போயிருக்கலாம். பொழுதில்லாம போச்சு" என்றாள் அந்த அம்மா. எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லித் தேய்ந்த குரல் அது.

அதிகாரி வந்து விதிகளைச் சொன்னார். பத்து நிமிடம். அறையில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடந்துகொள்ள வேண்டும்.

"ஏங்க, ஆளையே உட்கார வெக்கறதில்லையா இப்பல்லாம்?"

"ஆய்வு பண்ணிப் பார்த்தோம்மா. முதல்ல ஒரு ஆணை உட்கார வெச்சோம், சராசரி ஆறு குறைஞ்சது. பெண்ணை வெச்சோம், ஏறிடுச்சு. ஆனா அந்த அம்மா பேசிட்டே இருப்பாங்க. ஜன்னல் பக்கம் திருப்புங்க, தண்ணி குடுங்க, உங்க சட்டை நல்லா இருக்கு, இப்படி. பேசப் பேச வர்றவங்களுக்குப் பரிவு குறையுது. பேசாம இருந்த ஒரே ஒரு நாள், உச்சம் தொட்டுட்டோம்." அவர் பெருமையோடு பலகையைப் பார்த்தார். "அதுலேர்ந்து நாங்க கத்துக்கிட்ட பாடம்தான் இந்தக் காலி நாற்காலி."

அறையில் ஒரு ஜன்னல், ஒரு இருண்ட கண்ணாடி, நடுவே சக்கர நாற்காலி. அது கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. மெத்தையில் ஆழமான ஒரு குழிவு. பதினொரு வருடம் ஒருவர் உட்கார்ந்த குழிவு. கதவு சாத்தியதும் அறை குளிர்ந்தது. சக்கரம் மீண்டும் கிறீச்சிட்டது. தரை சமமாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. கீழே மரத்தடியில் அன்றும் தம்பி காத்திருந்தான், ஓட முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் பேனாக்கள் காத்திருப்பதும் தெரிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், எழுபது வந்துவிடும். அவள் அதற்காகத்தான் வந்தாள். கண்ணீர் வரவும் செய்தது. ஆனால் அந்தப் பதினான்கு பேரும் இதே இடத்தில் நின்று இதையேதான் செய்தார்கள் என்ற நினைப்பு வந்ததும், அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பக்கத்தில் போய், நாற்காலிக்கு நேராகக் குனிந்து, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாள்.

சக்கரத்தின் சத்தம் நின்றுவிட்டது. ஜக்கிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றி, கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். "ஜன்னல் பக்கம் திருப்பட்டுங்களா?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, மெல்லத் திருப்பினாள். இரும்பு எடை மட்டும் இல்லை என்று அவள் கைக்குத் தோன்றியது.

கீழே மரத்தடியில் தம்பி போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான். கை ஆடுகிற வேகத்திலேயே தெரிந்தது.

"அது என் தம்பிங்க. வாய் ஜாஸ்தி" என்றாள் அக்கா.

இருவரும், இருவர்தான் என்றால், மீதி நேரம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தபோது அக்கா திரும்பினாள். மெத்தையின் குழிவு, ஒருவர் எழுந்துபோன பிறகு ஆவதுபோல, மெதுவாக நிமிர்ந்து சமமாகிக்கொண்டிருந்தது.

பதினொரு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

"கேள்வி கேட்டுட்டீங்களேம்மா" என்றார் அதிகாரி. உண்மையாகவே வருந்தினார். "பரிவு இருக்கறவங்களுக்குக் கேக்காமலே தெரியும். அதுக்கும் மேல நாற்காலியைத் திருப்பிட்டீங்க. எங்களுக்கு முகமே தெரியலை."

"அங்க முகம் இல்லீங்களே."

"அதுதாம்மா உங்க குறை" என்று கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. வண்டிக்காரர் ஒருவர் மட்டும். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, கையில் ஒரு பதிவேடு. அக்கா இரவே தம்பியின் துணிகளை மடித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, மறுபடி மடித்திருந்தாள். தம்பி அன்று விடிந்ததிலிருந்து பேசவில்லை.

வண்டிக்காரர் கட்டிலருகே நின்று, அக்காவைப் பார்த்துக் கேட்டார். "எப்படிம்மா தூக்கணும்?"

"அவனையே கேளுங்க."

அவர் திகைத்தார். அப்புறப்படுத்தப்படுபவரிடம் பேசக் கூடாது என்பது விதி. ஆறு வருடமாக யாரிடமும் பேசியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டிலைப் பார்த்து, "எப்படிங்க தூக்கணும்?" என்றார்.

"வலது கையை முதுகுக்கு அடியில குடுங்க. இடது தோளைத் தொடாதீங்க, கூச்சம், சிரிச்சுடுவேன்" என்றான் தம்பி.

அவர் தூக்கினார். கை தோளில் பட்டுவிட்டது. தம்பி சிரித்துவிட்டான். அவன் மார்பின் குலுக்கம் அவர் மார்பில் பட்டதும், வண்டிக்காரர் முகம் என்னவோ ஆகிவிட்டது.

"எந்த வழியா போவீங்க?" என்று கைகளில் இருந்தபடியே தம்பி கேட்டான்.

"மேம்பாலம் வழியாத்தான்."

"திங்கக்கிழமை இந்த நேரத்துல மேம்பாலமா? ஒரு மணி நேரம் நிப்பீங்க. மரக்கடைச் சந்துல திரும்பி, ஆஸ்பத்திரி பின்பக்கமா விடுங்க. இருபது நிமிஷத்துல என்னை இறக்கிட்டு நீங்க சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போயிடலாம்." பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் எந்த இடத்துக்கு வழி சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. வாய் மூடிக்கொண்டது.

வாசற்படியில் வண்டிக்காரர் அவனைச் சுமந்தபடி நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, அவன் சொன்னபடியே, தோளைத் தொடாமல், கட்டிலில் கிடத்தினார். கசங்கியிருந்த போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பதிவேட்டைத் திறந்து நின்றவாக்கில் எழுதினார்: 'வீட்டில் ஆள் இல்லை.'

"அடுத்த மாசம் மறுபடி வருவேன்" என்றார். "அப்பவும் இருக்கமாட்டீங்கல்ல?"

"எங்க போவேன்? இங்கதான் இல்லாம இருப்பேன்" என்றான் தம்பி.

அப்படியே நடந்தது. மாதாமாதம் வந்தார், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார், ஆள் இல்லை என்று எழுதினார். வாரியம் விடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் அனுப்பியது. அந்த வீட்டில் ஓர் ஆண்குரல் நாள் முழுவதும் யாரையோ திட்டுவது கேட்கிறது, ஆனால் பதிவேட்டின்படி ஆள் இல்லை என்று அறிக்கை போனது. ஆண்டு இறுதியில் முதுநிலை அளவீட்டு அதிகாரி சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஊரில் ஆளில்லாமல் குரல் மட்டும் கேட்கும் வீடுகள் நாற்பத்து மூன்று என்று கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன; ஒரு வீட்டில் ஊன்றுகோல் சத்தம், ஒரு வீட்டில் புரியாத பாட்டு; ஊழியர்களின் மன நலம் கருதி இத்தகைய வீடுகளுக்குள் இனி யாரும் நுழைய வேண்டியதில்லை.

வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்தச் சுற்றறிக்கையைத் தம்பியை இரண்டு முறை படிக்கச் சொல்லி அக்கா கேட்டாள். வாரியத்தில் வண்டிக்காரர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. இவர் ஒருவர் மட்டும் அல்ல என்பது தெரிந்தது. மறுநாள் காலை அவள் கண்மூடி நின்ற நேரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது.

இல்லாத ஆளாக இருப்பது எளிதில்லை. கதவு தட்டினால் தம்பி மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் மாலை, "என்னைக் கொஞ்சம் தெருவுக்குக் கூட்டிட்டுப் போக்கா. வழி சொல்லியே செத்துட்டேன், ஒரு வழியையாவது பார்க்கறேன்" என்றான். அக்காவுக்குப் பயம்தான் வந்தது. ஆனாலும் தள்ளிக்கொண்டு போனாள்.

கடைத்தெரு நிரம்பி வழிந்தது. யாரும் பார்க்கவில்லை. எதிரே வந்தவர்கள் நாற்காலிக்கு இரண்டடி முன்னாலேயே கண்களைச் சுவருக்கும் வானத்துக்கும் கொண்டுபோனார்கள். பழக்கடைக்காரர் "அவருக்கு என்ன பழம் வேணுமாம்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பாத்தியா," என்றான் தம்பி மெதுவாக, "பதிவேடு இப்பதான் வந்துச்சு. இவங்க எல்லாம் அதுக்கு முன்னாடியே ஆள் இல்லைன்னு எழுதி வெச்சுட்டாங்க."

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். முனையில் சிக்னலில் வாரியத்தின் வண்டி நின்றிருந்தது. பக்கத்து இருக்கையில் முதுநிலை அளவீட்டு அதிகாரி, மடியில் கோப்போடு. வண்டிக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டார். கண்ணுக்குக் கண் பார்த்தார். தம்பியின் முகத்தை, பெயர் தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல, முழுதாகப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் கையை நீட்டி அதிகாரியிடம் ஏதோ காட்டி, தானும் அந்தப் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டார்.

சிக்னல் மாறி வண்டி போகும்வரை தம்பி அசையவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். அவனுக்காகத் திருப்பிய முதல் ஆள் இவர்தான்.